இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை

2025 ஜனவரி 9

பாடத்திட்டக் குழுவில் என்னைப் போட்டுவிட்டார்கள். இனிமேல் எங்கள் தாதியர் கல்லூரியில் எதைப் படிப்பித்தாலும் அதற்குச் சான்று காட்ட வேண்டுமாம். "முந்தியிருந்தே இப்படித்தான் செய்து வருகிறோம்" என்பது சான்று ஆகாதாம். அதிபர் இதைச் சொல்லும்போது நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த றம்லா டீச்சரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடமாக அவர் படிப்பித்ததெல்லாம் முந்தியிருந்தே செய்து வருவதுதான். பேனை மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார்.

முதலாம் வருடத்துப் பாடங்களை எழுதப்போவது நான். அல்ஹம்துலில்லாஹ். பதினான்கு வருடம் பொறுத்திருந்ததற்குக் கூலி.

ஜனவரி 10

நேற்று எழுதியதை வாசித்தேன். கொஞ்சம் கூடிப்போய்விட்டதோ? இல்லை. குறைவு.

ஜனவரி 14

ஒரு தடவை முழுதாக எழுதிவிடுகிறேன். பிறகு வேலையைப் பார்க்கலாம்.

2011. நான் இரண்டாம் வருட மாணவி. மருத்துவ வாட்டில் தம்பையா என்றொருவர் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கிடந்தார். காரைதீவுப் பக்கத்து வயற்காரர். முதுகின் கீழ்ப்பக்கம் சிவந்திருந்தது. சிவந்த இடத்தில் ஸ்பிரிட் ஊற்றி, பவுடர் போட்டு, அழுத்தித் தேய்க்கச் சொல்லித்தந்தவர் றம்லா டீச்சர். "நல்லாத் தேய் புள்ள, ரெத்தம் ஓடட்டும்" என்று என் தோளுக்குப் பின்னால் நின்று சொன்னார். தேய்த்தேன். நாலாம் நாள் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. பெரிய டொக்டர் வந்து சத்தம் போட்டபோது, அதே டீச்சர் எல்லார் முன்னாலும் என்னைக் கை காட்டினார்.

"இவள்தான் தேய்ச்ச. பிழையாத் தேய்ச்சிருக்கா."

பிழையாக! சொல்லித்தந்தது யாராம்?

விசாரணை வைத்து என்னை ஆறு மாதம் பின்தள்ளினார்கள். என்னோடு படித்தவர்கள் நியமனக் கடிதத்தோடு சாய்ந்தமருதில் சாப்பாடு போட்டுக் கொண்டாடியபோது, நான் கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு மறுபடியும் வாங்கில் இருந்தேன். வாப்பா அந்த ஆறு மாதமும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "ஒரு மனிசன்ட முதுகப் பாக்கத் தெரியல்ல, இவளுக்கு நேர்ஸ் வேல" என்று உம்மாவிடம் சொன்னது அறைக்குள் எனக்குக் கேட்டது.

நான் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன். சொன்னபடி செய்தேன். அதுதான் என் குற்றம்.

ஜனவரி 27

முதல் பாடம் முடிவாகிவிட்டது: படுக்கைப் புண். சிவந்த தோலைத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் உள்ளே சதை நசிந்து கேடு கூடும். தேடி எடுத்த வழிகாட்டிகள் எல்லாம் இதையே சொல்கின்றன. வாசிக்க வாசிக்க மஸ்கட் அல்வா தின்ற மாதிரி இருந்தது.

"என்ன தனியச் சிரிக்கிறீங்க?" என்று நிப்றாஸ் வந்து எட்டிப் பார்த்தார்.

"படிக்கிறன்."

"படிச்சி ஆராவது இப்படிச் சிரிப்பாங்களா?" என்று போய்விட்டார். கல்யாணம் கட்டிப் பத்து வருடமாகிறது, இந்த மனிசனுக்கு இன்னும் என்னைத் தெரியவில்லை.

உதாரணமாகத் தம்பையாவின் கதையைப் போட்டிருக்கிறேன். ஆசிரியையின் பெயர் போடவில்லை. அவருக்கு விளங்கினால் போதும். எல்லாருக்கும் விளங்கினால் இன்னும் நல்லது.

பெப்ரவரி 6

புதிய பாடங்களைக் காட்டும் கூட்டத்துக்கு முன்வரிசையில் றம்லா டீச்சருக்கு ஒரு கதிரை ஒதுக்கச் சொன்னேன். மூத்தவர் அல்லவா, மரியாதைக்கு.

பெப்ரவரி 18

மாகாண அலுவலகத்திலிருந்து மூன்று பேர் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். நான் முதல் பாடத்தை விளக்கினேன். "இப்பிடித் தேய்க்கிறத இன்னும் ஆராவது படிப்பிக்கிறாங்களா?" என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார். நான் முன்வரிசையைப் பார்த்தேன். நான் பார்க்க, எல்லாரும் பார்த்தார்கள்.

றம்லா டீச்சர் எழும்பினார். "ஓம், நான்தான். போன மாசம் வரைக்கும் படிப்பிச்ச. பிழைதான்." சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

மறுத்துக் கதைப்பார், ஒவ்வொன்றாக எடுத்து அடிக்கலாம் என்று எட்டு ஆய்வுகளை அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றையும் திறக்க விடவில்லை மனுஷி.

பரவாயில்லை. செய்முறைக் கூடத்தை அவரிடமிருந்து எடுத்து என் பொறுப்பில் தந்துவிட்டார்கள். பின்னேரமே சாவிக்கொத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "மூணாவது அலுமாரி இறுக்கம். தூக்கித் திறக்கணும்" என்றார். நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையை இரண்டு தரம் நிரப்பிச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 7

பெருநாள் விடுமுறை முடிந்து புதிய பாடத்தின் முதல் வகுப்பு. நாற்பத்திரண்டு பிள்ளைகள். தம்பையாவின் கதையைச் சொல்லி முடித்தேன். பாண்டிருப்பிலிருந்து வருகிற நிலாந்தினி கையை உயர்த்தி எழும்பினாள்.

"மிஸ், தேய்ச்சதாலதான் அவருக்குப் புண் வந்தது எண்டு எப்பிடித் தெரியும்?"

"ஆய்வுகள் சொல்லுதுதானே."

"அது பொதுவாச் சொல்லுது. புரட்டாம ஒரே பக்கம் கிடந்தாலும் புண் வரும்தானே. இந்த ஆள ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்டிப் படுக்க வச்சவங்களா? புரட்டின நேரம் எழுதுற சாட்டப் பாத்தீங்களா மிஸ்?"

"இரு" என்றேன். வாங்கில் இருந்துவிட்டாள்.

சான்று கேட்கப் பழக்கத்தான் இந்தப் பாடத்தையே எழுதினேன். கேட்ட முதல் பிள்ளையை இரு என்றேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. சரி, அந்தச் சாட்டையே கொண்டுவந்து அவள் முன்னால் போடுகிறேன். நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டவள் நான்தானே.

ஏப்ரல் 10

போகாமலே இருந்திருக்கலாம்.

அனுமதிக் கடிதத்தோடு வைத்தியசாலை ஆவண அறைக்குப் போனேன். அங்கே இருக்கும் ஜீவராஜ், "பழசெல்லாம் அழிக்கச் சொல்லிக் கடிதம் வந்து ரெண்டு வருசம் மிஸ், எனக்கு எங்க நேரம்" என்று தும்மித் தும்மித் தேடி எடுத்துத் தந்தார்.

தம்பையாவைப் புரட்டிய அட்டவணை. எட்டு மணி, இடப்பக்கம். பத்து மணி, வலப்பக்கம். பன்னிரண்டு மணி, இடப்பக்கம். மூன்று நாளும் என் கையெழுத்து. ஒரே பேனை, ஒரே சாய்வு. அப்போது நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். கடமை முடிய முன்னால் ஒரு கதிரையில் இருந்து முழுவதையும் ஒரேயடியாக நிரப்புவோம். புரட்டியவர்களும் நிரப்பினோம், புரட்டாதவர்களும் நிரப்பினோம்.

இரண்டாம் நாள் பத்தையும் பன்னிரண்டையும் சுற்றிப் பென்சிலால் வட்டம். பக்கத்தில் றம்லா டீச்சரின் சின்ன எழுத்து: "ஸ்கேன், மட்டக்களப்பு. 8.30 – 2.00."

பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் தம்பையா ஆஸ்பத்திரியிலேயே இல்லை. இல்லாத மனிசனை நான் இரண்டு தரம் புரட்டியிருக்கிறேன்.

இப்போது ஞாபகம் வருகிறது. இல்லை, பொய், எப்பவும் ஞாபகம் இருந்தது. பாரமான மனிசன். ஒருத்தியால ஏலாது. ரெண்டு பேர் வேணும், கூப்பிட்டா ஒருத்தியும் வரமாட்டாள். முதல் நாள் கூப்பிட்டுப் பார்த்தன். பிறகு கூப்பிடவேயில்ல. தேய்ச்சன், சாட் எழுதினன். தேய்க்கிறது லேசுதானே, ஒரு கை போதும்.

என் ஆறு மாதத்தை இத்தனை வருடமும் நாள் நாளாக எண்ணிக்கொண்டிருந்தேன். தம்பையாவை ஒரு தரமாவது நினைத்தேனா? கடைசித் தாளில் எழுதியிருக்கிறது, புண் ஆறாமலே பதினோராம் கிழமை வீட்டுக்குக் கொண்டுபோனார்களாம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 11

றம்லா டீச்சருக்குத் தெரியும். இத்தனை வருடமும் தெரியும்! ஒரே கல்லூரியில், ஒரே அறையில், என் சலாத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு, தெரிந்துகொண்டே இருந்திருக்கிறார். கோபம் பொங்குகிறது. யார் மேல்? அவர் மேல்தான். வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஏப்ரல் 16

ஆசிரியர் அறையில் றம்லா டீச்சர் தனியாக இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அட்டவணையின் பிரதியை முன்னால் வைத்தேன். கண்ணாடி போடாமலே கண்டுகொண்டார்.

"ஏன் விசாரணையில இதச் சொல்லல்ல?"

"பொய்ச் சாட் எழுதின எண்டு சொன்னா ஒன்ன வீட்ட அனுப்பியிருப்பாங்க. பிழையாத் தேய்ச்ச எண்டா ஆறு மாசம்."

நன்றி சொல்ல வேண்டிய இடம். நான் பிரதியை நாலாக மடித்தேன்.

"ஒனக்கு நல்லது செஞ்ச எண்டு நினைக்காத புள்ள" என்றார் அவரே. "தேய்க்கச் சொன்ன ஆரு எண்டு அங்க ஒருத்தரும் கேக்கல்ல. எனக்கும் அது வசதியா இருந்த."

"அண்டைக்குக் கூட்டத்தில இத எடுத்து விட்டிருக்கலாமே. என்ட மூக்க உடைச்சிருக்கலாம்."

"நீ காட்டினது சரிதானே. சரியானதுக்கு எதிரா என்னத்தக் கதைக்கிற?"

பிடிக்காத மனுஷி நியாயமாகக் கதைத்தால் எவ்வளவு எரிச்சல். இன்னும் அவரை மன்னிக்கவில்லை. ஆனால் அடிக்கக் கையில் ஒன்றும் மிச்சமில்லை.

ஏப்ரல் 22

முதல் பாடத்தைத் திருத்தி மறுபடியும் எடுத்தேன். பெயரையும் கையெழுத்தையும் பென்சில் குறிப்பையும் வெள்ளைக் கடதாசியால் மறைத்து, அட்டவணையை எல்லாருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்தேன். கூடவே ஸ்கேனுக்குக் கொண்டுபோன பதிவையும். என்ன தெரிகிறது என்று கேட்டேன். ஐந்து நிமிடத்தில் நிலாந்தினி பிடித்துவிட்டாள்.

"இந்த நேரத்தில ஆள் மட்டக்களப்பில மிஸ்! இது பொய்ச் சாட்."

"ஓம். தேய்ச்சதும் பிழை, புரட்டாததும் பிழை. எது எவ்வளவு எண்டு இனிப் பிரிக்க ஏலாது. ஒண்ட மட்டும் சொல்லிப் பாடம் எடுத்தது என்ட பிழை."

"அந்த நேர்ஸுக்கு என்ன நடந்தது?"

"ஆறு மாசம் பிந்தினா."

"ஆறு மாசம் மட்டுமா?" அவள் முகம் சிவந்துவிட்டது. அந்தக் கோபம் எனக்கு நன்றாகத் தெரிந்த கோபம். "இப்பவும் வாட்டில நிக்கிறாவா மிஸ்? ஆரும் அவவ ஒண்டும் செய்யல்லையா?"

"வாட்டில இல்ல" என்றேன். "படிப்பிக்கிறா."

நாற்பத்திரண்டு பேரும் கடதாசியை விட்டு என்னைப் பார்த்தார்கள். நான் நிலாந்தினியைப் பார்த்தபடியே நின்றேன்.