மல்லாட்டைப் பொட்டலத்தில் போன தீர்ப்பு

மச்சான்,

ஊருக்கெல்லாம் வேர்க்கடலை, நமக்கு மல்லாட்டை; அது வறுபடும் வாசம் மூக்கில் ஏறிவிட்டது. இனி எழுதாமல் என் கை நிற்காது. ஈரேழு உலகமும் நம்பாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன், இது சத்தியம். நீயாவது நம்பு, நாயகன் நீதானே.

பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியை விட்டுப் போன புதிது. எல்லைப் புளியமரத்தை நீ வெட்டிவிட்டதாகப் பங்காளி போட்ட வழக்குக்காக, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் கோர்ட்டுக்கு நீயும் உன் சாட்சியான நானும் பஸ் ஏறுவோம். ஒருநாள் கோர்ட்டு வாசலில் மல்லாட்டை விற்கும் அம்மா, எடைக்கு வாங்கிய ஒரு தடிப் புத்தகத்தைப் பின்பக்கமிருந்து கிழித்துப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். எழுத்துக்கெல்லாம் தலையில் கொம்பு, காதில் கடுக்கன். மிச்சத்தை நீ கேட்டு வாங்கிக்கொண்டாய்.

அது பழைய கிரேக்கம் என்றார் புதுச்சேரிப் பாதிரியார். எழுத்தைக் காட்டி, அகராதியும் தந்தார். வேறொருவன் கும்பிடு போட்டுவிட்டு வந்திருப்பான். நீயோ வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்தாய். அவர்கள் தந்த வாய்தாக்களில் உலகத்து மொழி அத்தனையும் முடித்து, குருவி பாஷையும் கற்றிருக்கலாம்.

"இன்னாடா, காலையிலேர்ந்து ஒரே வரியில நிக்கிற?"

"வினைச்சொல்லைத் தேடிக்கினு இருக்கேன் மச்சான். அதுவும் வாய்தா வாங்கிக்கினு போயிடுச்சு."

பொருள் பிடிபட்ட அன்று நீ துள்ளிய துள்ளலில் திண்டிவனம் ஏரி தளும்பியது. அது ஒரு குடியானவன் நீதிமன்றத்தில் பேசிய பேச்சு. தன் நிலத்துச் சாமி மரத்தை வெட்டியதாக அவன்மேல் வழக்கு! "நம்மாளுடா!" என்று கத்தினாய். நீ தமிழில் சொல்லச் சொல்ல, அவன் நம் பக்கத்துக் கண்டமங்கலத்துக்காரனாகவே நின்று பேசினான்.

தீர்ப்பை மட்டும் காணோம். பொட்டலத்தோடு போயிருக்கும் என்று திண்டிவனத்து மல்லாட்டை முழுவதையும் நாமே தின்று தீர்த்தோம். "துன்ன வந்தீங்களா, படிக்க வந்தீங்களா?" என்று அந்த அம்மா தலையிலடித்துக்கொண்டாள். கடைசியில் பாதிரியார்தான் சொன்னார்: "கிழிஞ்ச தாள்ல இருந்தது வேற வழக்குங்க. இந்தாளு பேசுனது மட்டுந்தான் கிடைச்சுது. தீர்ப்பு யாருக்கும் தெரியாது."

உன் பக்கம் தீர்ப்பான அன்று நான் மாலை வாங்க ஓடினேன். திரும்பி வந்தால், நீ வேப்பமரத்தடியில் வாடிப்போய் உட்கார்ந்திருக்கிறாய்.

"என்னுது தெரிஞ்சிடுச்சு மச்சான். அந்தாளு இன்னா ஆனானோ?"

நீ போய்ச்சேர்ந்த இடத்தில் இந்நேரம் அவனையே நேரில் கேட்டிருப்பாய். எனக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

ஏரி தளும்பியதை யாரும் நம்பவேண்டாம். ஆனால் இன்றும் பொட்டலம் பிரித்தால், மல்லாட்டையை மடியில் கொட்டிவிட்டுத் தாளைத்தான் முதலில் பார்க்கிறேன். அந்த ஒன்று மட்டும் நிஜம்.