கழுவிய உப்பு

ஜெயப்ரியா அப்பாவுக்கு,

நீங்களும் கர்ப்பிணியான நம் மகளும் சுகம்தானே? மஸ்கட்டில் நான் நலம்.

நேற்று வீடியோ அழைப்பில் நான் கழுவ வேண்டாமென்றதும், கல்லுப்பை அலசிக்கொண்டே, "புள்ளத்தாச்சிக்கு மண்ணு போடச் சொல்றியாமா?" என்று சிரித்தீர்கள். மண்ணோடு அயோடினும் போய்விடும். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர அது வேண்டும். கழுவாதீர்கள், அயோடின் சேர்த்த தூள் உப்பே வாங்குங்கள்.

பிறகு கண்ணயர்ந்தேன். நம்மூர் தாமல் ஏரியில் வெள்ளையாய் ஏதோ கரைந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒரு குழந்தை மெல்ல மிதந்தது. கனவை நம்புகிறவளில்லை நான். ஆனாலும் விழித்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

என் பழைய போர்வையை இங்கே வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

நான் பாடமெடுக்கும் வகுப்புக்கு நேரமாகிவிட்டது. பிள்ளை பிறந்த இரண்டு மூன்று நாளில் குதிகாலில் ரத்தமெடுத்துத் தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊசி குத்தும்போது வீறிட்டு அழும், தடுக்காதீர்கள். போனை அருகில் பிடியுங்கள், நானும் கேட்கிறேன்.

கோமளா