மூன்று மாதத்துக்கு ஒரு பை

ஒக்லாந்து
04.08.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கு விசா கிடைத்துவிட்டதாகத் தங்கச்சி நிரோஷா போனில் சொன்னாள். அன்றைக்கே உங்களோடு பேசியிருப்பேன். ஆனால் நீங்கள் போனைக் காதில் வைத்தால் தோட்டத்து லயம் முழுவதற்கும், வரிசை வீடு அத்தனைக்கும் கேட்கிற மாதிரிக் கத்துகிறீர்கள். இந்தப் பக்கம் நான் பேசுவது ஷாமிளா வீட்டாருக்குக் கேட்கும். நமக்குக் கடிதம்தான் சரி.

ஜனவரியில் நீங்கள் வந்ததும் எல்லோருமாக நியூசிலாந்தைச் சுற்றப் போகிறோம். கேரவன் வண்டி ஒன்று ஒழுங்கு செய்திருக்கிறேன். வெளியே பார்த்தால் லொறி, உள்ளே ஏறினால் வீடு. கட்டில், அடுப்பு, பிரிட்ஜ் எல்லாம் உண்டு. பொழுது சாய்ந்தால் கடற்கரையோ காடோ, நிறுத்திய இடத்தில் தூக்கம். மூன்று மாதம். நான், ஷாமிளா, கவிஷா, மாமா, மாமி, நீங்கள். கொரோனா நேரத்தில் இங்கேயே கல்யாணம் நடந்ததால் சம்பந்திமாரை நீங்கள் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். பேத்தியையும் அப்படித்தான். "தாத்தா வந்தா என் கட்டில்லதான் படுக்கணும்" என்று மூன்று வயதுக்காரி இப்போதே சட்டம் போட்டுவிட்டாள்.

சாமான் விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். சக்கரம் வைத்த பெட்டி வேண்டவே வேண்டாம். அதை உள்ளே வைத்தால் நாம் வெளியே படுக்க வேண்டும். சுருட்டி வைக்கக்கூடிய துணிப் பை ஒன்று போதும். ஆளுக்கு ஒரு சின்ன அலுமாரித் தட்டுத்தான். ஒரு வாரத்துக்கு உடுப்பு இருந்தால் வழியில் துவைத்துக்கொள்ளலாம். ஜனவரி இங்கே கோடைக்காலம் என்றாலும் தெற்கே போனால் இரவுக் குளிர் எலும்பைப் பிடிக்கும். ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, தடித்த சொக்ஸ் மூன்றையும் மறக்காதீர்கள். வண்டிக்குள் போட ஒரு செருப்பு, வெளியே போட ஒன்று. மருந்தை டொக்டர் எழுதித் தந்த துண்டோடு எடுத்து வாருங்கள். கருவாடு, மாசி, தேன் எதையும் நிரோஷா ஆசையாகக் கட்டித் தந்தாலும் வாங்காதீர்கள். விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்.

உங்கள் அன்பு மகன்,
கஜேந்திரன்


கீழ் டிவிஷன், தெஹியோவிட்ட
27.08.2024

அன்புள்ள மகன் கஜேந்திரனுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று மாதத்துக்கு ஒரே பையா என்று நிரோஷா வாயைப் பிளக்கிறாள். எனக்கு அதில் கஷ்டமே இல்லை. என் துணிமணி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினாலும் அந்தப் பையில் பாதி காலியாகத்தான் கிடக்கும்.

பை வாங்கத் தெஹியோவிட்ட டவுனுக்குப் போனேன். மஹ்ரூப் நானா கடையில் இருக்கிற பை எல்லாவற்றையும் இறக்கிக் காட்டினார். "அழகமுத்து அண்ணே, கையில தொங்கினா கதிர்காமம் போற ஆளு, முதுகுல தொங்கினாத்தான் வெளிநாடு போற ஆளு" என்று முதுகில் மாட்டுகிற பையைத் தலையில் கட்டிவிட்டார். தொப்பியும் அவரே எங்கேயோ தேடி எடுத்துத் தந்தார். காதை மூடுகிற தொப்பி. அதைப் போட்டுக்கொண்டு இந்த வெயிலில் வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். நிரோஷா சிரித்த சிரிப்பில் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பேத்தியிடம் சொல், தாத்தா கட்டிலில் அதிகம் இடம் பிடிக்கமாட்டார் என்று. உன் அம்மா இருந்திருந்தால் இந்நேரம் ஊரெல்லாம் சொல்லி முடித்திருப்பாள்.

கட்டில் என்றாய், அடுப்பு என்றாய். கக்கூஸ் எங்கே என்று எழுதவில்லையே? ஆறு பேர், மூன்று மாதம், நடுக் காட்டில் நிறுத்தினால் என்ன செய்வது? வயசானவன் கேட்கிறான் என்று சிரிக்காதே.

அன்புடன்,
அப்பா


ஒக்லாந்து
18.09.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சிரிக்கவில்லை. மாமியும் முதலில் அதைத்தான் கேட்டார். கக்கூஸ் வண்டிக்குள்ளேயே இருக்கிறது, சமைக்கிற இடத்திலிருந்து இரண்டு எட்டில். அதன் அடியில் ஒரு பெட்டி. இரண்டு நாளைக்கு ஒருமுறை அதை வெளியே இழுத்து, அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டிக் கழுவிக்கொண்டு வரவேண்டும். "ஐயையோ, இத யாரு தூக்கி ஊத்துறது?" என்று மாமி மூக்கைப் பொத்தினார். பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

போன கடிதத்தில் இரண்டு சாமானை விட்டுவிட்டேன். உங்கள் ரப்பர் பூட்ஸைக் கொண்டு வாருங்கள். நன்றாகக் கழுவிக் காயவைத்து, மண் துளியும் இல்லாமல் கொண்டு வரவேண்டும். கையுறையும் ஒரு சோடி வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் முதல் கடிதத்தில் எழுதவில்லை. மாமா புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். ஷாமிளாவைப் பெண் கேட்டபோது, உங்க அப்பாவுக்கு என்ன வேலை என்று என்னிடம் கேட்டார். தோட்டத்து ஆபீஸில் வேலை செய்கிறவர் என்று வாயில் வந்துவிட்டது. ஷாமிளாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். உங்களிடம் கேட்டால் ஆபீஸ் என்று மட்டும் சொல்லுங்கள். எந்தத் துரை காலம், எந்தக் கிளாக்கர் என்று மாமா தோண்டுவார். காது கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள். கோபிக்க வேண்டாம்.

உங்கள் அன்பு மகன்,
கஜேந்திரன்


கீழ் டிவிஷன், தெஹியோவிட்ட
09.10.2024

அன்புள்ள மகன் கஜேந்திரனுக்கு,

எனக்கு என்ன கோபம்? முதலில் பூட்ஸ் எதற்கு, கையுறை எதற்கு என்று விளங்கவில்லை. அதற்கு மேலே பெட்டியைப் பற்றி எழுதியிருந்ததை இன்னொரு முறை படித்த பிறகுதான் புரிந்தது. இதைச் சொல்ல நீ இவ்வளவு தயங்கியிருக்க வேண்டாம். நான் என்ன அந்நியனா?

பெட்டி விஷயத்தை என்னிடம் விட்டுவிடு. லயத்துக் கக்கூஸையும் சாக்கடைக் கானையும் நாற்பது வருடம் கழுவிய வாசக்கூட்டி நான். ஊர் எழும்புவதற்கு முன் வேலையை முடித்துக் குளித்துவிட்டு நிற்பது என் பழக்கம். சம்பந்திமார் எழும்ப முன்பே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்துவிடுவேன். யாராவது கண்டாலும், வயசானவர் நடக்கப் போய்விட்டு வருகிறார் என்றுதான் நினைப்பார்கள். ஷாமிளாவுக்கும் தெரிய வராது.

ஆபீஸ் என்று சொல்வதும் எனக்குப் பெரிய காரியமில்லை. ஆபீஸ் கக்கூஸையும் நான்தானே கழுவினேன். முழுப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பெரிய கிளாக்கர்மாரை எனக்குத் தெரியும். அவர்கள் முன்னால் பேசாமல் நிற்கவும் எனக்குத் தெரியும்.

பூட்ஸைக் கழுவிக் கூரையில் காயப் போட்டிருக்கிறேன். கையுறை புதிதாகவே வாங்கிவிட்டேன், முழங்கை வரை வருகிற மஞ்சள் ரப்பர் கையுறை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வேலை செய்த கையால் பேத்தியைத் தூக்கினால் ஷாமிளா ஒன்றும் நினைக்கமாட்டாளே? சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகுதான் தூக்குவேன். உனக்கு மனம் சரியில்லை என்றால் சொல்லிவிடு, தூக்காமல் பக்கத்தில் வைத்து விளையாட்டுக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா


ஒக்லாந்து
30.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலைத்தலத்தில் காரை நிறுத்திவிட்டு அதற்குள் இருந்து படித்தேன். படித்து முடித்து இறங்க முடியவில்லை. வயிற்று வலி என்று சொல்லி அன்றைக்கு லீவு போட்டுவிட்டேன்.

பூட்ஸ் மழைக்கு அப்பா. கையுறை குளிருக்கு. கம்பளிக் கையுறை என்று எழுதாமல் விட்டேனே, அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு என்ன வந்தது? உங்களை அந்தப் பெட்டியைத் தூக்கக் கூப்பிடவில்லை. கவிஷாவைத் தூக்கத்தான் கூப்பிட்டேன்.

இப்படி எழுதி நிறுத்தியிருந்தால் நல்ல மகன் என்று பெயர் கிடைத்திருக்கும். ஆனால் உங்களிடமாவது உண்மையைச் சொல்லவேண்டும். யார் தூக்குவது என்று மாமி கேட்டபோது ஒரு கணம் எனக்குள் "அப்பா இருக்கிறாரே" என்று ஓடியது. நானாக நினைக்கவில்லை, அதுவாக வந்தது. வந்ததும் பயந்து போய் வேறு பேச்சு எடுத்தேன். நீங்கள் தவறாக விளங்கிக்கொண்டீர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. என் மனதில் இருந்ததை நீங்கள் அங்கேயிருந்தே படித்துவிட்டீர்கள்.

லயத்துப் பிள்ளைகள் என்னை வாசக்கூட்டி மகன் என்று கூப்பிடுவார்கள் என்பதற்காகத்தானே, பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்க, என்னை அவிசாவளைக்கு பஸ்ஸில் அனுப்பினீர்கள். அங்கே யாருக்கும் தெரியாது. அந்தச் சுகத்தில் பழகியவன் கடல் தாண்டியும் அதையே செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது அப்பா. இத்தனை நாள் உங்களை நினைத்து வெட்கப்பட்டேன், இப்போது என்னை நினைத்து.

பெட்டியை நான் தூக்குவேன். நீங்கள் அதன் பக்கமே வரக்கூடாது. கவிஷாவைத் தூக்க யாரிடமும் கேட்கவும் கூடாது. நீங்கள் வந்து இறங்கியதும் மாமாவிடமும் ஷாமிளாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து வாருங்கள்.

உங்கள் மகன்,
கஜேந்திரன்


கீழ் டிவிஷன், தெஹியோவிட்ட
20.11.2024

அன்புள்ள மகனுக்கு,

நிரோஷா என் முகத்தைப் பார்ப்பாள் என்று உன் கடிதத்தை ரப்பர் மலையில் போய் இருந்து படித்தேன். வெட்கப்படுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும்தான் வெட்கமாக இருக்கிறது. பெற்ற மகன் பேத்தியைப் பார்க்க வா என்று கூப்பிடுகிறான், என் காதில் வேலைக்குக் கூப்பிடுவதாக விழுகிறது. என்னை வேறு எதற்கும் யாரும் வீடு தேடிக் கூப்பிட்டதில்லை. கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால்கூடப் பந்தி முடிந்த பிறகு வா என்பார்கள். நாற்பது வருடம் அப்படிக் கேட்ட காது. அதில் உன் குரலையும் சேர்த்துவிட்டேன்.

உனக்கு அந்த நினைப்பு வந்ததற்கு உன்னைத் திட்டப் போவதில்லை. நீ எழுதினாய், அது போதும்.

ஆனால் நான் வந்து இறங்கிய பிறகு சொல்லாதே. நீ சொல்லும்போது எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் எங்கே பார்ப்பது? ஓடுகிற வண்டிக்குள் எழும்பிப் போய் நிற்கவும் இடம் இருக்காது. நான் வருவதற்கு முன் சொல். கேட்டுவிட்டு அவர்கள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. எனக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை, தெரிந்திருந்தால் போதும்.

ஆபீஸ் என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது யோசித்தால் முடியாது போலிருக்கிறது. சம்பந்தியிடம் ஆபீஸ் என்று சொல்லலாம். அந்தச் சின்னவள், "தாத்தா, நீங்க என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டால் அவளிடமும் அதையே சொல்ல வேண்டிவரும். பிள்ளையிடம் என்னால் பொய் சொல்ல முடியாது.

"சொல்லிவிட்டேன்" என்று ஒரு வரி எழுது. பையைக் கட்டித்தான் வைத்திருக்கிறேன். அந்த ஒரு வரி வந்தால் புறப்படுவேன். முடியாவிட்டால் முடியவில்லை என்று எழுது, நான் கோபிக்கமாட்டேன்.

அன்புடன்,
அப்பா


ஒக்லாந்து
11.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் நலமும் நிரோஷாவின் நலமும் அறிய ஆவல்.

சனிக்கிழமை வண்டியை ஒருநாள் ஓட்டிப் பார்க்க எடுத்து வந்தோம். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். சாப்பிட்டு முடித்ததும் பெட்டியை நானே கழற்றிக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவிவிட்டு வந்தேன். வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று தொடங்கினேன். அவர் என்னையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, "என்னா மருமகன், நீங்க ஏன் இதெல்லாம் செய்றீங்க? தோட்டத்துல இருந்து ஒரு வாசக்கூட்டியக் கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். மாமி சிரித்தார். ஷாமிளாவும் சிரித்தாள்.

நானும் சிரித்தேன் அப்பா.

என்ன விஷயம் என்று மாமா பிறகு கேட்டார். டயரில் காற்றுக் குறைவு என்று சொன்னேன். நான்கு நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். சிரித்த பிறகு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோபிக்கமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் கோபித்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருக்கும்.

உங்கள் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். பயணத்தை நிறுத்த முடியவில்லை, எல்லாம் ஒழுங்கு செய்தாகிவிட்டது. நாங்கள் போய் வருகிறோம். நிரோஷாவிடம் என்ன சொல்வது என்று நீங்களே பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

கவிஷா அவளுடைய கட்டிலில் உங்களுக்கென்று ஒரு தலையணை வைத்திருந்தாள். தாத்தா ஏன் வரமாட்டார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தாத்தாவுக்கு ஆபீஸில் லீவு கொடுக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

கஜேந்திரன்