பெரியதனக்காரர் போட்ட கோடி

விடுநர்:
காசியம்மாள்,
காலஞ்சென்ற ரங்கனின் மனைவி,
மணல்திட்டுக் குப்பம், பழவேற்காடு.

பெறுநர்:
ஒல்லாந்தர் கோட்டை நீதிசபைத் துரை அவர்கள்,
பழவேற்காடு.

பொருள்: என் கணவரைக் கொன்ற எங்கள் குப்பத்துப் பெரியதனக்காரர் தேசப்பன்மேல், அவர் பதவியில் இருக்கும்போதே குற்றம் சாட்டி விசாரிக்க வேண்டுவது.

துரை அவர்கள் சமுகத்துக்கு மிகுந்த மரியாதையுடன் தெரிவித்துக்கொள்வது:

1. தேசப்பன் எங்கள் குப்பத்துக்குத் தலைவர். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன். இதை எழுதித் தரும் கணக்கர், அண்ணன் என்பதை விட்டுவிடலாம், வழக்குக்கு அது தேவையில்லை என்றார். விட வேண்டாம் என்றேன். நைனா இறந்த பிறகு என்னை வளர்த்தவரும், ரங்கனுக்குக் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

2. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை எங்கள் ஊரில் ஓலை குலுக்கி முறை வைப்பார்கள். அந்த முறையைப் பாடு என்போம். கார்த்திகை அமாவாசைக்கு மறுநாள் முகத்துவாரப் பாடு என் கணவருடையது. இறால் ஏறும் காலத்தில் அதைவிட நல்ல பாடு கிடையாது. அவர் போனபோது பெரியதனக்காரரின் வலை அங்கே கட்டியிருந்தது; பக்கத்தில் படகில் அவரும் நின்றார். என் கணவர் கேட்டது இவ்வளவுதான்: "மச்சான், நீயே ஓலை குலுக்கிக் குடுத்துட்டு நீயே வலை கட்டினா இன்னா ஞாயம்?" அதற்குப் பதிலாகப் படகு தள்ளும் கழியால் தேசப்பன் என் கணவர் பிடரியில் அடித்தார். இடுப்பளவு நீரில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த நான் பார்த்தேன். தேசப்பனின் படகில் கூட வலை இழுக்கப் போயிருந்த கருப்பனும் பார்த்தார். தண்ணீரில் விழுந்தவர் எழவில்லை. உடல் மறுநாள் கரை ஒதுங்கியது.

3. அம்மன் கோயில் முன்னுள்ள கல்லில் பெரியதனக்காரர் உட்கார்ந்தால்தான் எங்களுக்குப் பஞ்சாயத்து. என் கணவர் சாவை விசாரிக்கவும் அவரே உட்கார்ந்தார். கருப்பனைக் கேட்டவரும் அவரே. "நீரோட்டம் இழுத்துக்கினு போச்சுன்னு நெனைக்கிறேன்" என்று கருப்பன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அடித்தவரே எதிரே உட்கார்ந்து கேட்டால் பாவி மனிதர் வேறு என்ன சொல்வார்? அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆச்சரியம் இல்லை.

4. நான் எழுந்து கண்டதைச் சொன்னேன். ஊரார் சொன்ன பதில்: "கல்லுல ஒக்காந்திருக்கிறவர்மேல குத்தம் சொல்ற வழக்கம் இல்ல. விசாரிக்கணும்னா விசாரிச்சுக்கலாம். குத்தம்னு சொல்றதெல்லாம் அவர் எறங்கின பொறவு." கோட்டை வாசலில், துரைமாருக்கு எங்கள் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் ஒரு துபாஷியிடம் முறையிட்டேன். தலைவனை இழுத்தால் ஊர் குலைந்துபோகும் என்று அவரும் அதையேதான் சொன்னார். துரை அவர்களே, எங்கள் பெரியதனம் ஆயுள் உள்ளவரைக்கும். கல்லிலிருந்து இறங்குகிறவர் நேரே பாடையில்தான் ஏறுவார். அதன்பிறகு யார்மேல் குற்றம் சாட்டுவது? பாடைமேலா?

5. கணவனை இழந்தவளுக்குக் கருமாதி அன்று பிறந்த வீட்டார் கோடிப் புடவை போடுவது வழக்கம். எனக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன் ஒருவர்தான். நான் தரையில் முகம் கவிழ்ந்து கிடந்தேன். தோளில் துணி விழுந்தது. இருமலைக் கேட்டுத்தான் யார் கை என்று தெரிந்தது. பிடுங்கி அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். எறிய முடியவில்லை, சோறு ஊட்டிய கை. இப்போது அதையே பிடித்துக்கொண்டு, கோடியை வாங்கிக்கொண்டவள் அண்ணன்மேல் பழியில்லை என்று ஒப்புக்கொண்டவள் என்கிறார்கள்.

6. பஞ்சாயத்தில் நான் கண்டதைச் சொன்ன நாள் முதல் ஊரில் யாரும் என்னோடு பேசுவதில்லை. அடுப்புக்கு நெருப்பு கேட்டுப் போனால் கதவைச் சாத்துகிறார்கள். நான் ஏரியில் இறங்கினால் மற்றப் பெண்கள் கரையேறிவிடுகிறார்கள். மீன் கூடையைத் தூக்கிவிட ஆள் இல்லாததால் பாதியைக் கொட்டிவிட்டு மீதியை நானே தலையில் ஏற்றிக்கொள்கிறேன். பேசாமலே பழகிப்போய், இந்தக் கணக்கரிடம் வாய் திறந்தபோது என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. இப்படி ஒரு கஷ்டம் வந்தால் ஓடிப்போய் அழ எனக்கு இருந்த ஒரே வீடு அண்ணன் வீடு.

7. ஆகையால், விசாரணை முடியும்வரை தேசப்பன் அந்தக் கல்லில் உட்காராமல் தடுக்க வேண்டும். அவர் இல்லாத இடத்தில் கருப்பனைக் கேட்க வேண்டும். உண்மை வெளிப்பட்டால், அவர் இறங்கும் நாளுக்குக் காத்திராமல் குற்றம் சாட்ட வேண்டும்.

8. அந்தக் கோடிப் புடவையை உடுத்தாமல், மடிப்புக் கலையாமல் இத்துடன் ஒப்படைக்கிறேன். இதைத் தேசப்பனிடம் காட்டி, போட்டது பெரியதனக்காரரா, அண்ணனா என்று கேட்டருள வேண்டும். பெரியதனக்காரர் என்றால், அது பிறந்த வீட்டுக் கோடி ஆகாது. நான் எதையும் ஒப்புக்கொண்டவள் அல்ல. அண்ணன் என்றால், அண்ணனுக்குக் கல் கிடையாது. அவர்மேல் குற்றம் சாட்ட ஒரு தடையும் இல்லை.

எந்தப் பதில் வந்தாலும் புடவையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அண்ணன் என்று அவர் வாயால் சொன்னால் மட்டும், தயவுசெய்து ஓர் ஆளை அனுப்பி எனக்குச் சொல்லச் செய்யவும். அதைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

இடம்: பழவேற்காடு
நாள்: விகாரி வருஷம், தை மாதம், வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
காசியம்மாள்
(கைக்கீறல்)