வழுக்கி விழுந்தவள்

2024 நவம்பர் 18, திங்கள்

மாதர் சங்கக் கூட்டம் மூன்று மணிக்கு என்றால் மூன்றே முக்காலுக்குத் தொடங்கும். இன்றைக்கும் அப்படித்தான். டிசம்பர் பத்தாம் திகதி பிரதேச செயலகத்தில் பெண்களுக்கெதிரான வன்முறை ஒழிப்பு நிகழ்வாம். எங்கள் சங்கத்தின் சார்பில் செயலாளர் பேச வேண்டுமாம். செயலாளர் நான். பதினொரு வருடமாக நான்தான், வேறு ஒருவரும் அந்தக் கதிரையைக் கேட்டதில்லை.

எல்லோரும் செம்மஞ்சள் சேலை உடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டுப் போனாள் நிவேதனா. பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர். நெல்லியடிப் பிள்ளை, ஸ்கூட்டியில் வருகிறவள். வாய் நிறைய 'அருமைநாயகி அக்கா' என்று கூப்பிட்டாலும் ரீச்சர் மாதிரித்தான் பார்ப்பாள். குருநகரில் செம்மஞ்சள் சேலை யாரிடம் இருக்கிறது? என்னிடம் இருப்பது செங்கல் நிறம். தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது.

பேச்சு எழுதி முடித்துவிட்டேன். நாலு பக்கம். மகன் ஜெயசுதனிடம் கொடுத்து ரைப் பண்ணுவிக்க வேண்டும். ரவுனில் கொம்யூனிகேசன் கடை வைத்திருக்கிறான். போட்டோக் கொப்பி, ரைப்பிங் எல்லாம் அங்கே உண்டு. நல்ல பிள்ளை. அம்மாவின் வேலை என்றால் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்வான்.

நவம்பர் 20, புதன்

காலைப் பூசைக்கு மருமகள் ஜெசிதா வந்திருந்தாள். முக்காட்டை வழமையைவிட முன்னுக்கு இழுத்துவிட்டிருந்தாள். பூசை முடிந்து வெளியே வர, கடற்காற்று அதைத் தூக்கிவிட்டது. இடது கன்னத்தில், காதுக்குக் கிட்ட, கத்தரிக்காய் நிறம்.

"என்ன பிள்ளை உது?"

"அலுமாரிக் கதவு அடிச்சுப்போட்டுது மாமி."

"கவனமா இருக்க வேண்டாமே?" என்றேன். "ஓம் மாமி" என்றாள். வீட்டுக்கு வந்து அப்பம் சுட்டேன்.

அந்த அலுமாரி அவளின் கலியாணத்துக்கு வந்த சாமான். கடைக்குப் போய்த் தெரிவு செய்தது நான். அதற்குத் தள்ளுகதவு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். வெளியே திறக்காது.

நவம்பர் 21, வியாழன்

தள்ளுகதவும் சில நேரம் அடிக்கும்.

நவம்பர் 24, ஞாயிறு

மகன் தனியாகச் சாப்பிட வந்தான். பேச்சை ரைப் பண்ணி, பிளாஸ்ரிக் கோப்பில் போட்டுக் கொண்டுவந்தான். ஒரு பிழையும் இல்லை. கடைசியில் ஒரு வரியை அவனாகவே சேர்த்திருக்கிறான்: 'பெண்ணை மதிக்கும் வீட்டில்தான் ஆண்டவர் குடியிருப்பார்.' நன்றாகத்தான் இருக்கிறது.

விளைமீன் தலையை அவனுக்குப் போட்டேன். அவன் சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"சும்மா ஒரு தட்டு அம்மா. கரோல் பாட்டுப் பழக்கம் எண்டு ஆறரை வரைக்கும் கோயிலடியிலை நிண்டவள். போனும் எடுக்கேல்லை. மனுசன் களைச்சு வீட்டை வந்தால் தேத்தண்ணிக்கும் வழியில்லை."

"கை நீட்டிறது சரியில்லை தம்பி."

"அப்ப அவளிட்டையும் சொல்லுங்கோ."

சொல்லுகிறேன் என்றேன். அவளுக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான். போன ஈஸ்டருக்கு என்னிடமே, சொதிக்கு உப்பில்லை என்று சொன்னவள்.

இவர், என் மனுசன் கனிசியஸ், விறாந்தையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்துமூன்று வருடக் குடும்பத்தில் இவர் எனக்கு நாலு தரம்தான் அடித்திருக்கிறார். மூன்று தரம் நான் வாய் காட்டினது. நாலாவது எதற்கென்று எனக்கு இப்போதும் தெரியாது. அவருக்கும் ஞாபகம் இராது.

நவம்பர் 27, புதன்

புயல் மழை. மீன்பிடிப் போட்டுகள் எல்லாம் கரையில். ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் வீட்டில். இப்படியான நாட்களில் சங்கத்துக்கு முறைப்பாடு கூடுதலாக வரும்.

ஜெசிதாவின் தாய் போன் எடுத்தா. "நீங்கள்தானே சம்பந்தி உந்தப் பொம்பிளையளின்ரை விசயமெல்லாம் பாக்கிறனீங்கள். ஒருக்கா மகனிட்டைக் கதையுங்கோவன்" என்றா. கதைத்துவிட்டேன், பிள்ளையைக் கொஞ்சம் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள், ஒரு குழந்தை வந்தால் எல்லாம் சரியாகும் என்றேன். ஆறு நிமிடத்தில் கதை முடிந்தது.

மாசி மாதம் யாகப்பு பெண்சாதிக்கு அடித்தபோது நான் அவனுடைய வாசல் படலையில் நின்று ஒரு மணித்தியாலம் கத்தினேன். அவளைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். யாகப்பு இன்றைக்கும் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்புவான். அது வேறு விசயம். யாகப்பு குடிகாரன். என் பிள்ளை குடிக்கிறதில்லை.

டிசம்பர் 2, திங்கள்

மத்தியானம் மகன் போன் எடுத்தான். "அம்மா, உடனை ஆஸ்பத்திரிக்கு வாங்கோ." சின்ன வயதில் கண்ணாடிக் கிளாஸை உடைத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிற அதே குரல்.

ஜெசிதாவின் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவன் வெளியே ஓட்டோவில் இருந்தான், உள்ளுக்கு வரவில்லை. நான்தான் பக்கத்தில் நின்றேன். தாதிப் பிள்ளை நல்ல பிள்ளை. மெதுவாகத்தான் கேட்டாள்: "என்ன நடந்தது அக்கா? பயப்படாமல் சொல்லுங்கோ."

ஜெசிதா வாயைத் திறந்தாள். நான் முந்திவிட்டேன்.

"வழுக்கி விழுந்தவள். மழையெல்லே, குசினியிலை அடுப்படியெல்லாம் ஒரே ஈரம்."

தாதி என்னைப் பார்த்தாள். சேலையில் குத்தியிருந்த சங்கத்தின் பட்ஜையும் பார்த்தாள். எழுதிக்கொண்டாள். ஜெசிதா என்னைப் பார்க்கவில்லை. கையையும் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நோட்டீசைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னது பொய். இங்கே எழுதி வைக்கிறேன். வேறு எங்கே எழுத?

டிசம்பர் 5, வியாழன்

காலையில் ஜெசிதா வந்தாள். கையில் பிளாஸ்ரர் கட்டு. கதிரையை இழுத்துப் போட்டும் இருக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

"மாமி, நாளைக்கு வந்து உங்கடை மகனைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"எங்கை?"

"உங்கடை வீட்டுக்கு. அது என்ரை வீடு. உறுதிப் பத்திரம் என்ரை பேரிலை இருக்கு. நான் ஏன் எழும்பிப் போகவேணும்?"

ஊரில் அடி வாங்கிய பெண் தாய் வீட்டுக்குப் போவாள், பத்து நாளில் திரும்பி வருவாள். அதுதான் முறை. ஆம்பிளையைத் திருப்பி அனுப்பின கதையை நான் கேட்டதில்லை.

அந்த உறுதியை எழுதுவித்ததும் நான்தான். வீடு பெண்ணோடு வருவது எங்கள் வழக்கம். வாய்ப்பேச்சாக இருக்கக்கூடாது, சீதன உறுதி கைக்கு வராமல் கோயிலில் கலியாண ஓலை வாசிக்க விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மூன்று கிழமை கலியாணம் பிந்தியது. மகனுக்கு ஒரு வீடு எடுத்துக் கொடுத்தேன் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். உறுதியில் அவனுடைய பெயர் ஒரு இடத்திலும் இல்லை. இன்றைக்குத்தான் அதை யோசித்தேன்.

டிசம்பர் 6, வெள்ளி

இவர் வரமாட்டேன் என்றுவிட்டார், மானம் போகுதாம். லெனாட்டின் ஓட்டோவைப் பிடித்தேன். "என்ன சாமான் ஏத்தவேணும் அக்கா?" என்று கேட்டான். "மகன்" என்றேன்.

ஒழுங்கைச் சனம் முழுக்கப் படலையில் நின்று பார்த்தது. ஜெசிதா அவனுடைய உடுப்பை மடித்து இரண்டு பையில் வைத்திருந்தாள். ஒரு கையால் மடித்திருக்கிறாள். அவன் முதலில் கத்தினான், பிறகு அழுதான், பிறகு தலையணையைத் தூக்கிக்கொண்டு ஏறினான். வழியெல்லாம் "உவளுக்கு ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம் அம்மா" என்றான். நான் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. சோற்றுக் கோப்பையைத் தள்ளினான். அது மேசையால் விழுந்து மூன்றாக உடைந்தது. "ஏன் தம்பி உப்பிடிச் செய்யிறாய்? அவளும் உப்பிடித்தானே..." என்று தொடங்கினேன்.

"வாயைப் பொத்திக்கொண்டு இரணை!"

தாய் என்ற மரியாதைக்கு அந்தக் கடைசி 'அணை'. என் கை தானாக முகத்துக்கு முன்னால் போனதைப் பிறகுதான் கவனித்தேன்.

இவர் என்னைத்தான் பார்த்தார். "அவன் மனவருத்தத்திலை இருக்கிறான். நீ ஏன் அவனோடை கொளுவுறாய்?"

எனக்கு அந்த வசனம் தெரியும். அது என்னுடையது. மூத்த மகள் இப்போது பிரான்சில் இருக்கிறாள். சின்னதில் தம்பி அவளின் தலைமயிரைப் பிடித்து இழுத்தால் அவள் அழுதுகொண்டு என்னிடம்தான் வருவாள். நான் குசினியில் இருந்தே சொல்லுவேன்: "நீ ஏன் அவனோடை கொளுவுறாய்?" எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? பிறகு பிறகு அவள் வருவதை விட்டுவிட்டாள். இரண்டும் சண்டை பிடிக்காமல் ஒற்றுமையாக வளருதுகள் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

கோப்பைத் துண்டை யார் பொறுக்கினது? நான்தான். வேறை ஆர்?

டிசம்பர் 10, செவ்வாய்

நிகழ்வு பத்து மணிக்கு என்றார்கள், பதினொன்றரைக்குத் தொடங்கியது. செங்கல் நிறத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. நாலு பக்கத்தையும் வாசித்தேன். கடைசி வரியில் மட்டும் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு அதையும் வாசித்தேன். அந்த வரிக்குத்தான் கூடுதலான கைதட்டல். கேக்கும் நெக்ரோ சோடாவும் தந்தார்கள்.

டிசம்பர் 17, செவ்வாய்

நிவேதனா வீட்டுக்கு வந்தாள். மகன் கடையில், இவர் கடலில். ஜெசிதா பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதிமன்றம் போயிருக்கிறாள். இடைக்காலத்துக்கு ஒன்று கிடைத்துவிட்டது. விசாரணை ஜனவரி 22.

"ஒரு சிக்கல் அக்கா. ஆஸ்பத்திரித் துண்டிலை வழுக்கி விழுந்ததெண்டு எழுதிக் கிடக்கு. உங்கடை மகன்ரை சட்டத்தரணி அதைத்தான் பிடிக்கப் போறார். பக்கத்திலை நிண்டது நீங்கள் மட்டும்தானாம்."

பிளேன்ரி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, என்ன செய்யப் போறியள் என்று கேட்காமலே போனாள். கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். கேட்காமல் போனதும் கோபமாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 21, சனி

நத்தாருக்குப் பாவசங்கீர்த்தனம். பொய் சொன்னேன் சுவாமி என்றேன். எத்தனை தரம் என்றார். ஒரு தரம் என்றேன். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். கோயில் வாசலுக்கு வரமுதலே சொல்லி முடித்துவிட்டேன். மணிக்கட்டு பொருந்த ஆறு கிழமை எடுக்குமாம்.

2025 ஜனவரி 3, வெள்ளி

இவருக்குச் சொன்னேன். கோர்ட்டில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன்.

"பெத்த பிள்ளையைக் காட்டிக் குடுக்கிற தாய் ஆரடி?" என்று எழும்பினார். கை மேலே போனது.

"ஐஞ்சாவது" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. விளங்காததால்தான் கை அப்படியே நின்றது. பிறகு எனக்கே நிப்பாட்ட முடியவில்லை. முதலாவது, ஆரபி எண்ட போட்டு வாங்கின வருசம். ரெண்டாவது, உங்கடை தம்பியின்ரை கலியாண வீட்டிலை, எல்லாருக்கும் முன்னாலை. மூண்டாவது, என்ரை அம்மா செத்து எட்டு நாள்கூட ஆகேல்லை. நாலாவது ஏன்? சொல்லுங்கோ. நாலாவது ஏன் எனக்கு அடிச்சனீங்கள்? உவன் ஜெயசுதன் கதவடியிலை பாத்துக்கொண்டு நிண்டவன். அஞ்சு வயசு. பாத்துத்தானே பழகினவன்!

இவர் கதிரையில் இருந்துவிட்டார். "எனக்கு ஞாபகமில்லை" என்றார்.

அடுப்பில் பால் பொங்கி ஊற்றிவிட்டது.

ஜனவரி 9, வியாழன்

வீட்டில் ஒருவரும் என்னோடு கதைக்கிறதில்லை. வேலை கெதியாக முடிகிறது.

ஜனவரி 22, புதன்

செங்கல் நிறச் சேலையைத்தான் உடுத்தேன். சங்கத்தின் பட்ஜைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போனேன்.

என்னை மகனுடைய சாட்சி என்று நினைத்து அந்தப் பக்கத்து வாங்கில் இருக்கச் சொன்னார்கள். பேரைக் கூப்பிட்டதும் எழும்பி நின்றேன். நீதவான் அம்மா ஆஸ்பத்திரித் துண்டைப் பார்த்துக்கொண்டே கேட்டா: "வழுக்கி விழுந்ததாகச் சொன்னது யார்?"

"நான்தான் அம்மா. பொய் சொன்னனான். என்ரை மகன்தான் முறிச்சவன்."

சட்டத்தரணி என்னை நிறையக் கேட்டார். மருமகள் பயமுறுத்தினவளா, சங்கத்தில் பேர் எடுக்கப் பார்க்கிறீர்களா என்றெல்லாம். இல்லை என்றேன். ஒரு வருடத்துக்குக் கட்டளை. அவன் அந்த வீட்டுக்கோ அவள் போகிற இடத்துக்கோ போகக்கூடாது.

வெளியே ஜெசிதா வேப்பமரத்தடியில் தாயோடு நின்றாள். கட்டு கழற்றின கை மற்றக் கையைவிட மெலிந்து இருந்தது. கட்டிப்பிடித்து அழுவாள் என்று நான் நினைக்கவில்லை. நினைத்தேனோ என்னவோ.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாம் மாமி" என்றாள்.

"ஓம்" என்றேன்.

ஒரு கையெழுத்து மிச்சம் என்று என்னை மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். மகன் மேசைக்கு முன்னால் நின்றான். கிளாக்கர் கட்டளைப் பத்திரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"எதிராளி இனி இருக்கப்போற விலாசம்?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கேட்டாலும், டொக்டர் எங்கே நோகுது என்று கேட்டாலும், பெண் பார்க்கப் போன இடத்தில் என்ன விருப்பம் என்று கேட்டாலும், இவன் என்னைப் பார்ப்பான், நான் பதில் சொல்லுவேன். முப்பத்தொரு வயது. கிளாக்கர் பேனையைப் பிடித்தபடி என்னையும் பார்த்தார். நான் என் பேருக்கு நேரே கையெழுத்தை வைத்துவிட்டுப் பேசாமல் நின்றேன்.

பிறகு அவனே சொன்னான்.

"கடையிலைதான் இருப்பன்."

கிளாக்கர் எழுதினார்.