வேலாயிக்கு நான் பார்த்த மாப்பிள்ளை

4 பிப்ரவரி 2013, திங்கள்

இடது கணுக்காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம் லீவு. சரக்கு எண்ணிக் குறிக்க நான் இல்லாததால் எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்தில் மெயின்லேண்ட் கப்பல்கள் கரைக்கு வர மறுத்து நடுக்கடலில் அழுதுகொண்டிருப்பதாகத் தகவல். தகவல் எனக்கு மட்டும்தான் வந்திருக்கிறது.

விழுந்த விதம். ஊருக்குச் சொன்னது: கிரேனிலிருந்து அறுந்த பத்து டன் சிமெண்டை ஒற்றைக் காலால் தாங்கிப் பன்னிரண்டு உயிர்களைக் காப்பாற்றினேன். நடந்தது: ஜெட்டிப் படியில் பாசி.

பிற்காலச் சரித்திர ஆசிரியர்களுக்காகக் குறித்து வைக்கிறேன்: என் தங்கை ராஜகுமாரியின் மகள் தமிழரசி, இங்கிருந்து போட்டில் போகவேண்டிய லாங் ஐலண்டின் ஹெல்த் சென்டரில் நர்ஸ். அவளுடைய கம்ப்யூட்டர் மட்டும் இங்கே டாலிகஞ்சில், என் வீட்டில். அங்கே கரண்ட் வரும் லட்சணத்துக்கு அதைக் கொண்டுபோனால் ஒரு வாரம் தாங்காது. நேற்று போட் ஏறும் முன் அதை என் கட்டில் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"பொழுது போகலன்னா இத ஆடுங்க மாமா. எதையும் வித்துப்புடாதீங்க, அவ்வளவுதான்."

உள்ளே ஒரு தேசமே இருக்கிறது. பனிமலை, கோட்டை, மந்திரவாதிகள், பறக்கும் டிராகன். எந்தத் திசையிலும் நடக்கலாம், யாரும் பர்மிட் கேட்பதில்லை. நாம் நடத்துவது வில் பிடித்த ஒரு பெண்ணை. தமிழரசி அவளுக்கு வைத்த பெயர் வேலாயி. சின்ன வயதில் அவர்கள் இருந்த கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு வேலாயி இருந்தாளாம், புலிக்கும் பயப்படமாட்டாளாம். கச்சாலில் புலி கிடையாது என்பது வேறு விஷயம்.

5 பிப்ரவரி

ஓர் ஆட்டின் மேல் தெரியாமல் அம்பு விட்டேன். ஊரே திரண்டு வந்து என்னைக் கொன்றது. ஏழு முறை.

8 பிப்ரவரி, வெள்ளி

திரைக்குள் நடக்கப் பழகிவிட்டேன். இப்போது வேலாயியால்தான் நடக்க முடியவில்லை. காரணம், மூட்டையில் இருநூற்றுப் பத்து முட்டைக்கோஸ். ஆட்டத்தில் சுமைக்கு ஓர் அளவு உண்டு, தாண்டினால் ஆமை வேகம்தான். மனைவி ருக்கு எட்டிப் பார்த்துவிட்டு, "அவளுக்கு எதுக்குங்க இத்தன கோசு?" என்றாள். கப்பல் வராமல் போனால்? என்றேன். நம் வீட்டுக் கட்டிலுக்கடியில் அரை மூட்டை வெங்காயம் இருப்பது எதற்காக? அவள் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். இந்த ஊர்ப் பெண்களிடம் கப்பல் வராத கதையைச் சொன்னால் எதிர்ப்பேச்சே இருக்காது.

12 பிப்ரவரி, செவ்வாய்

தூத்துக்குடியிலிருந்து ஆவுடையப்பன் அண்ணாச்சியின் போன். ஹேடோவில் என்னோடு பதினெட்டு வருடம் வேலை பார்த்து, ரிட்டையராகி ஊரோடு போனவர். மகன் பாலகுமாருக்கு அங்கே கப்பல் ஏஜென்சி ஆபீஸில் வேலை. பெண் தேடுகிறார்களாம்.

"எங்கல தேடுறது. ஒம் மருமவ இருக்காள்லா."

"இருக்கா அண்ணாச்சி. உங்க வீட்டுப் பொண்ணுதான்னு எழுதி வச்சுக்கங்க."

அவ்வளவுதான் பேச்சு. டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. ராஜகுமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுனாமிக்குப் பிறகு, 2005 ஜனவரியில், கச்சாலிலிருந்து வந்த கப்பலில் அவளும் தமிழரசியும் ஹேடோவில் இறங்கினார்கள். ஐயாவு மச்சான் இறங்கவில்லை. அன்று முதல் அப்பா ஸ்தானம் என்னுடையது. ஸ்தானம் என்று இருந்தால் வார்த்தை கொடுக்கத்தானே வேண்டும்.

16 பிப்ரவரி, சனி

உலக வரலாறு இன்றிலிருந்து இரண்டாகப் பிரிகிறது.

வடக்குச் சிகரத்தில் டிராகனைக் கொன்றேன். நீளம், ஹேடோவிலிருந்து பழைய ஏர்போர்ட் வரை. மூச்சு விட்டால் மாமலையே கருகும். நான் அறுபத்திரண்டு அம்பு விட்டேன். கடைசியில் அது என்னை ஒரு பார்வை பார்த்தது. தோற்றவர்கள் இந்தச் சிவஞானத்தைப் பார்க்கும் பார்வை அது, எனக்குப் பழக்கம்தான். ராஜா ஒரு மாளிகை கொடுத்தார். சுவரில் டிராகனின் மண்டை ஓட்டை மாட்டியிருக்கிறேன்.

ருக்குவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓணான் மாதிரி இருக்கு," என்றாள்.

19 பிப்ரவரி, செவ்வாய்

மாளிகை இருந்தும் வேலாயி தனியாக இருப்பது மனதை உறுத்தியது. ஊருக்குக் கீழண்டையில் ஒரு கொல்லன். சொந்தக் கடை, சொந்த உலை. இரண்டு வாரமாகக் கவனிக்கிறேன், சாராயக்கடைப் பக்கம் போனதே இல்லை. பார்க்கும்போதெல்லாம் சுத்தியலும் கையுமாக இருக்கிறான். வேறென்ன வேண்டும் ஒரு பெண்ணுக்கு?

பேசி முடித்தேன். ஆட்டம், "நிச்சயமாகவா?" என்று கேட்டது. அழுத்தினேன். "பிறகு மாற்ற முடியாது. நிச்சயமாகவா?" என்று மஞ்சள் எழுத்தில் மறுபடி கேட்டது. இந்த வெள்ளைக்காரர்களுக்கு எதிலும் சந்தேகம். அழுத்தினேன். கோவிலில் மணி அடித்தார்கள். தாய்மாமன் சீர் வைக்க மட்டும் வசதி இல்லை, அதனால் முட்டைக்கோஸ்களைக் கோவில் வாசலில் இறக்கி வைத்தேன்.

20 பிப்ரவரி

ருக்கு: "தமிழுகிட்ட கேட்டீங்களா?"

நான்: "பொம்மைக் கல்யாணத்துக்கா?"

ருக்கு: "நான் ரெண்டயும்தான் கேக்குறேன்."

சாம்பாரில் இன்று உப்பு அதிகம்.

27 பிப்ரவரி, புதன்

அண்ணாச்சி வீட்டில் நான்கு பேருக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். மார்ச் 13 சென்னையில் ஏறி, 16 இங்கே இறங்கி, அப்படியே நிச்சயம். தமிழரசி 9ஆம் தேதி வருகிறாள், அன்றைக்கு நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று ராஜகுமாரி சொல்கிறாள். அதுவும் சரி. லாங் ஐலண்டில் சிக்னல் கிடைப்பதில்லை.

(வாரத்துக்கு மூன்று முறை அவள்தான் போன் செய்கிறாள். அது வேறு.)

9 மார்ச், சனி

வந்தாள். சாப்பிட்டாள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். நான் கட்டிலில் சாய்ந்து, பாராட்டு விழாவுக்குத் தயாரானேன்.

"அரே! டிராகன் மண்ட! மாமா, நீங்களா கொன்னீங்க?"

"அதுவா வந்து செத்துச்சு. என் புகழ் அப்படி."

சிரித்தாள். மாளிகையில் அறை அறையாக நடந்தாள். கடைசி அறையில் கொல்லன். வந்துவிட்டாயா அன்பே என்று இங்கிலீஷில் கேட்டான்.

"இது யாரு?"

"மாப்ள."

"யாருக்கு மாப்ள?"

"வேலாயிக்கு. தங்கமான பையன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது..."

அதற்கும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "நாலு மாசமா இவளத் தனியாவே வச்சிருந்தேன் மாமா. தனியாச் சுத்தட்டும்னுதான். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து ராஜகுமாரி கரண்டியோடு வந்தாள். "ஏன்டி, பொம்மைக்குப் போயி இத்தன ஆர்ப்பாட்டமா? நெசக் கல்யாணமே பதிமூணாந்தேதி கப்பல் ஏறுது."

"யாருக்கும்மா?"

கொல்லன் மட்டும் பின்னாலிருந்து, இரவு உணவு தயார் அன்பே, என்றான்.

தமிழரசி கம்ப்யூட்டரை நிறுத்தினாள்.

10 மார்ச், ஞாயிறு

காலை போட்டுக்குக் கிளம்பினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் சமாளிக்க என்னிடம் முப்பது வருட அனுபவம் இருக்கிறது. ஹேடோவில் கத்தாத ஆள் யார்? அவள் கத்தவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஊசி போடுவதற்கு முன் பேசுவார்களே, அந்தக் குரலில் பேசினாள்.

"பழைய சேவ் ஒண்ணு இருக்கு மாமா. பிப்ரவரி மூணாந்தேதி நான் கெளம்பறப்ப ஆட்டம் இருந்தபடி பதிஞ்சு வச்சது. அதத் திறந்து அது மேல ஆடுனா கொல்லன் இருக்க மாட்டான். ஆனா உங்க டிராகனும் போயிரும், மாளிகையும் போயிரும். வேணாம். கொல்லன் இருந்துட்டுப் போறான்."

"தூத்துக்குடி, தமிழு..."

"வார்த்த குடுத்துட்டீங்கள்ல. எங்கள வச்சுக் காப்பாத்துனவரு நீங்க. டீக் ஹை மாமா."

எங்கள் வீட்டில் யாராவது இந்திக்கு மாறினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஆட்டோ ஏறிப் போய்விட்டாள். சட்னி தொட்ட இட்லி தட்டில் அப்படியே இருக்கிறது.

ராஜகுமாரிக்குச் சந்தோஷம். "பாத்தியாண்ணே, சரின்னுட்டா."

11 மார்ச், திங்கள்

சரின்னுட்டா. சரின்னுதானே சொல்லுவா. எட்டு வருசம் எஞ்சோத்தத் தின்ன பிள்ள வேற என்ன சொல்லும்? நான் அவளக் கேட்டேனா— கேக்கல. ஒரு கம்ப்யூட்டரு, உசுரில்லாத டப்பா, ரெண்டு தடவ கேட்டுச்சு. நிச்சயமா, நிச்சயமான்னு. அதயும் கேலி பண்ணி இதே நோட்டுல எழுதி வச்சிருக்கேன். நான் ஒரு தடவகூட—

பகல் பூராவும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிராகன் முன்னால்கூட இப்படி வியர்க்கவில்லை. சாயங்காலம் ருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்தாள். அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"என்னல, டிக்கெட்ட சட்டப்பையிலயே வச்சிட்டு அலையுதேன்."

"ஏறாதீங்க அண்ணாச்சி."

"ஏம்ல? பிள்ள மாட்டேங்காளா?"

"இல்ல அண்ணாச்சி. மாட்டேன்னு சொல்லல. நான் அவளக் கேக்காமலே உங்களுக்கு வார்த்த குடுத்துட்டேன்."

"சரி, இப்பக் கேளு."

"இப்பக் கேட்டா எனக்காகச் சரின்னுருவா. உங்க கப்பல் நின்னாத்தான் நான் கேக்கவே முடியும்."

அதற்குப் பிறகு வந்தது ஏச்சு. "பதினெட்டு வருசம் ஒருத்தன் சரக்கக் கரெக்டா எண்ணுவான்னு நம்பினேன் பாரு, எம்புத்தியச் செருப்பால அடிக்கணும். சொந்தக்காரனுக்கெல்லாம் சொல்லியாச்சு. ஊர்ல எம் மூஞ்சிய எங்கல வைக்க?"

பதிலுக்குச் சொல்ல எனக்கு ஒரு பெருமைக் கதையும் வாயில் வரவில்லை. மன்னிச்சிருங்க அண்ணாச்சி என்றேன். வைத்துவிட்டார். அவர் கேட்டது நியாயம்.

12 மார்ச், செவ்வாய்

ராஜகுமாரி என்னோடு பேசுவதில்லை. "எம் பொண்ணு வாழ்க்கய மண்ணாக்கிட்டாரு," என்று சுவரிடம் சொல்கிறாள். சுவர் என் பக்கம்.

பகல் இரண்டு மணிக்குப் பழைய சேவைத் திறந்தேன். அதற்கு முன் மாளிகையை ஒரு சுற்றுச் சுற்றினேன். மண்டை ஓட்டைக் கொஞ்சநேரம் பார்த்தேன். ருக்கு சொன்னது சரிதான், கொஞ்சம் ஓணான் ஜாடை இருக்கிறது. கொல்லனிடம் போய்வருகிறேன் என்றேன், என் தமிழ் அவனுக்குப் புரியவில்லை. பிறகு அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. இந்த முறை முழுவதும் படித்துவிட்டு அழுத்தினேன்.

பிப்ரவரி மூன்றாம் தேதி. வேலாயி வில்லோடு ஓர் ஆற்றங்கரையில் நிற்கிறாள். தனியாக. மூட்டையில் ஒரு முட்டைக்கோஸ் இல்லை.

18 மார்ச், திங்கள்

கட்டுப் பிரித்தாயிற்று. டியூட்டி. கால் ஒரு பழைய கத்திரிக்காய்போல இருக்கிறது. அவர்கள் வரவேண்டிய கப்பல் இரண்டு நாள் தாமதமாக இன்றுதான் வந்தது. ஏணி இறக்கியதும், வேலை இல்லாவிட்டாலும் நின்று எண்ணினேன், பழக்கம். வரவேண்டிய நான்கு பேர் வரவில்லை. கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

13 ஏப்ரல், சனி

வருடப்பிறப்புக்கு வந்திருக்கிறாள். தூத்துக்குடி விஷயம் நின்றுபோனது அவளுக்குத் தெரியும், ருக்கு போனில் சொல்லியிருக்கிறாள். அதைப் பற்றி என்னிடம் அவள் கேட்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஆற்றங்கரை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிராகன்?"

"உசுரோட இருக்கு. அதுக்கும் பிள்ளகுட்டி இருக்கும்ல."

"ஒரு மாசமா நீங்க ஆடவே இல்லயா?"

"உன்னக் கேக்காம எப்படி ஆடுறது?"

என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதுதான் சமயம் என்று, அடுப்படியில் ராஜகுமாரி காதில் விழட்டும் என்றே சத்தமாகக் கேட்டேன்: "தமிழு, ஆவுடையப்பன் அண்ணாச்சி மகன். இப்ப டிக்கெட்டும் இல்ல, என் வார்த்தயும் இல்ல. அண்ணாச்சி இனிமே எங்கூடப் பேசுவாரான்னே தெரியாது. ஆனாலும் கேக்கணும்ல. உனக்கு விருப்பமா?"

"இல்ல மாமா. ரெண்டு வருசமாவது லாங் ஐலண்ட்ல இருக்கணும். வேலைய இப்பத்தான் கத்துக்கிட்டு வர்றேன்."

"சரி."

அவ்வளவுதான். வார்த்தை கொடுக்க ஆன நேரம்தான் இதற்கும் ஆனது. அடுப்படியில் பாத்திரம் ஒன்று பலமாக விழுந்தது. கொஞ்சநேரம் கழித்து ராஜகுமாரி சாப்பாடு போட்டாள். எனக்குக் கடைசியாகப் போட்டாள். போட்டாள்.

15 ஏப்ரல், திங்கள்

காலை போட்டில் போய்விட்டாள். கம்ப்யூட்டர் மேல் பிளாஸ்திரி வைத்து ஒட்டிய மருந்துச்சீட்டு: "டிராகன் மலைக்குப் போகலாம். கோசு சுமக்கக் கூடாது. மற்றதெல்லாம் போனில்."

21 ஏப்ரல், ஞாயிறு

டிராகன் என்னைப் பதினொரு முறை கொன்றது. முன்பைவிட வளர்ந்திருக்கிறது, இப்போது தலை ஹேடோவில், வால் லாங் ஐலண்டில். சிகரத்துக்குப் போகும் பாதை கொல்லன் கடை வழியாகத்தான். சுத்தியலை நிறுத்திவிட்டு, "ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டான். நல்ல பையன்.

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.