பின்னால் கேட்ட காலடிகள்

இமாசலம்
18-1-97

அம்மாவுக்குச் சங்கரியின் வணக்கம். அப்பாவுக்கு இடதுகால் இப்போது எப்படி இருக்கிறது? நான் சுகம்தான், நம்புங்கள்.

போன வாரம் போலியோ சொட்டு மருந்துப் பெட்டியோடு மலைமேல் இருக்கும் ஒரு ஊருக்கு ஏறினோம். பயப்படாதீர்கள், விழவில்லை. ஆனால் ஏறத் தொடங்கியதுமே பின்தங்கிவிட்டேன். மற்றவர்கள் எங்காவது உட்கார்ந்து காத்திருப்பார்கள். நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்ததும் எழுந்து நடப்பார்கள். ஓய்வெல்லாம் அவர்களுக்குத்தான். கடைசியில் என்னோடு வேலை பார்க்கும் நெய்யாற்றின்கரை ஓமனா, "மெதுவா நடக்கிய ஆளாக்கும் முன்ன போணும். நீ நட, நாங்க பின்ன வாறோம்" என்றாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் எல்லோரும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தோம்.

"உங்கப்பா வாறதுக்குள்ள நான் கோயில் நடையில போயி நிக்கியேன்" என்று எழுதியிருந்தீர்களே, இனி பாறசாலைக் கோயிலுக்குப் போகும்போது அப்பாவை முன்னால் நடக்க விடுங்கள்.

முட்டில் தேய்க்க ஒரு குப்பி முறிவெண்ணெய் அனுப்புங்கள். சோற்றில் பிசைந்து தின்ன, உங்கள் கையால் இடித்த சம்மந்திப்பொடியும் கொஞ்சம். தபால் கொண்டுபோகும் ஜீப் புறப்படுகிறது, நிறுத்துகிறேன்.

அம்மா, இங்கே வந்தபிறகு எனக்குப் பின்னால் ஆட்கள் நடந்துவரும் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன்.

சங்கரி